பொது மாறிலியா, பகிர்மாறிலியா?

மட்டக்களப்பிலிருந்து:
வணக்கம். பிரதேச செயலகப் பிரிவைத் தெரிவுசெய்யும் இணையச் செயலி ஒன்றுக்குத் தமிழில் கையேடு எழுதுகிறோம். படிவம், சேவர், அறிக்கை மூன்றும் ஒரே கோப்பிலிருந்து எடுக்கும் மாறாப் பெறுமானங்களுக்கு ‘பொது மாறிலி’ எனலாமா? கணிதத்தில் ‘பொது வித்தியாசம்’ படித்த பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

சம்மாந்துறையிலிருந்து:
தம்பி, ‘மாறிலி’ சரி. ‘பொது’தான் இடிக்குது. நிரலில் ஒன்றை வெளியிலிருந்து அணுகலாமா, கூடாதா என்று குறிக்கும் பப்ளிக், பிரைவேட் இரண்டுக்கும் பொது, தனி என்று பலர் எழுதுகிறார்கள். ‘பொது மாறிலி’ அங்கே வேறு பொருள் தரும். ‘பகிர்மாறிலி’ என்போம். வினைத்தொகை, சேர்த்தே எழுதலாம்.

வரைவிலக்கணத்தையும் இறுக்குங்கள். அடையாள அட்டை இலக்கத்தின் அமைப்பு (பழையதில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கம்) பகிர்மாறிலி. பெறுமதி சேர் வரி வீதம் அப்படியல்ல. 2024 ஜனவரி 1இல் அது 15இலிருந்து 18 வீதமானது. கோப்பில் எண்ணை மாற்றிவிட்டால், 2023ஆம் ஆண்டுப் பற்றுச்சீட்டை மறுபடி அச்சிடும்போது 18 விழும். அது அமுலாகும் திகதியோடு தரவுத்தளத்தில் இருக்க வேண்டியது. கடவுச்சொற்களைச் சேர்க்கவே கூடாது. இந்தக் கோப்பு உலாவிக்கும் போகிறது.

மட்டக்களப்பிலிருந்து:
ஏற்கிறேன் சேர். பிரிவுப் பெயர்களை என்ன செய்வது? ஒரு பக்கத்தில் ‘ஏறாவூர்ப்பற்று’, இன்னொன்றில் ‘ஏறாவூர் பற்று’. பிழைச்செய்தி வராது, பட்டியல் வெறுமையாக வரும்.

அக்கரைப்பற்றிலிருந்து:
பெயரை வைத்து ஒப்பிடாதீர்கள். ‘கோறளைப்பற்று’வின் ‘கோ’வை ஓகாரக் குறி ஒன்றாலும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலுமாக இரண்டாலும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. பிரிவுக்கு ஒரு குறியீட்டைப் பகிர்மாறிலியாக்கி, தமிழ்ப் பெயரைத் திரையில் காட்ட மட்டும் வையுங்கள். பெயரையே தேட வேண்டுமானால் முதலில் இரு பக்கத்தையும் யுனிகோட் என்.எஃப்.சி வடிவத்துக்கு (இப்படி இரண்டு விதமாக எழுதியதை ஒரே விதமாக்கும் வடிவம்) கொண்டுவாருங்கள்.

இன்னொன்று: ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் மாறிலி என்று குறிக்கும் ‘கான்ஸ்ட்’ போட்டாலும் அணியின் (பெறுமானங்களின் வரிசை) உள்ளடக்கம் மாறும். அது பெயருக்கு வேறு பெறுமானம் தருவதை மட்டும் தடுக்கும். உள்ளடக்கத்தை மாற்றவிடாமல் ‘ஃப்ரீஸ்’ செய்தாலும் மேலடுக்கு மட்டுந்தான் இறுகும். மேலே ஆடை பிடித்து அடியில் பாலாகக் கிடக்கிற தயிர்ச்சட்டி மாதிரி. உள்ளே இருப்பவற்றைத் தனித்தனியே செய்ய வேண்டும். ‘ஃப்ரீஸ்’ செய்வதற்கு ‘உறைவித்தல்’ எனலாம். ‘உறையிடல்’ என்றால் கடித உறை நினைவுக்கு வரும்.

சம்மாந்துறையிலிருந்து:
‘உறைவித்தல்’ நல்லம். ஜாவாஸ்கிரிப்டோடு வகைச் சோதனையும் சேர்ந்த டைப்ஸ்கிரிப்ட் மொழியைப் பற்றியும் ஒரு வரி சேருங்கள். வெறும் ஜாவாஸ்கிரிப்டில் ‘நிலை.ஏற்பு’ என்பதை ‘நிலை.எற்பு’ என்று அடித்தால் ‘அன்டிஃபைன்ட்’ (பெறுமானம் இல்லை) என்று சத்தமில்லாமல் போகும். டைப்ஸ்கிரிப்ட் தொகுக்கும்போதே பிடிக்கும்.