தாத்தா வீடு – யாரும் வெளியேற வேண்டாம்

சனி, காலை 7:05

நான்: எல்லோருக்கும் காலை வணக்கம். தாத்தா வீட்டில் இருக்கிறேன். நாளை 10 மணிக்கு வீடு பார்க்க ஆள் வருகிறார்கள், புல் முழங்கால் வரை நிற்கிறது. ஷெட்டில் கிடந்த, புல் வெட்டும் பெட்ரோல் மோவரை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறேன். கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டை போனதுதான் மிச்சம். இது என்ன மாடல், யாருக்காவது தெரியுமா? ஸ்டிக்கர் வெளுத்துக் கிடக்கிறது.

நான்: [படம்]

பெரியப்பா: கூலிக்கு ஆள் வைத்து வெட்டிவிடு. ஒரு மணி நேர வேலை.

அத்தை: வீடு பார்க்க யார் வருகிறார்கள்?

அத்தை: என்னிடம் யாரும் சொல்லவில்லையே

பெரியம்மா: படத்தில் பின்னால் சாய்த்து வைத்திருப்பது எங்கள் ஏணி இல்லையா

சித்தப்பா: முதலில் கயிறு இழுப்பதை நிறுத்து. நிதானமாகக் கேள். மோவருக்கு இரண்டு அடையாளம் உண்டு. உடம்பு ஒரு கம்பெனி, என்ஜின் வேறு கம்பெனியாக இருக்கலாம். உடம்பின் எண் பின்பக்கம், பிளேடை மூடியிருக்கும் தகட்டின் மேல் ஸ்டிக்கராக இருக்கும், அதுதான் உனக்கு வெளுத்துப் போயிருக்கிறது. என்ஜின் எண்ணை உலோகத்திலேயே அடித்திருப்பார்கள். சைலன்சருக்கு மேலே உள்ள தகட்டைத் துணியால் நன்றாகத் துடைத்துப் பார். பிளேடு வாங்க உடம்பு எண் வேண்டும். தீப்பொறி ப்ளக், காற்று ஃபில்டர், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் என்றால் என்ஜின் எண். ஒன்றுக்கு ஒன்றைச் சொன்னால் கடைக்காரர் கையை விரிப்பார்.

தம்பி (பெரியப்பா மகன்): வகுப்பு ஆரம்பம்

அத்தை: நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை

நான்: துடைத்தேன் சித்தப்பா. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன். மாடல், டைப், கோடு என்று மூன்று எண்கள். மாடல் 12ல் தொடங்குகிறது. கோடு 080415, அப்புறம் இன்னும் இரண்டு இலக்கம் இருக்கிறது.

சித்தப்பா: அருமை. மாடலின் முதல் இரண்டு இலக்கம் 12 என்றால் ஏறக்குறைய 12 கன அங்குலம், அதாவது 190 சிசி வகை. கோடில் முதல் ஆறு இலக்கம் வருடம், மாதம், தேதி. 2008 ஏப்ரல் 15 அன்று செய்த என்ஜின்.

அத்தை: 2008ஆ?

அத்தை: 2005ல் முதல் போனஸில் அப்பாவுக்கு மோவர் வாங்கிக் கொடுத்தேன் என்று ஒருவர் இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டு இருந்தாரே

பெரியப்பா: ஆமாம். வாங்கிக் கொடுத்தேன்.

அத்தை: பிறக்காத என்ஜினையா?

தம்பி: அப்பா

தம்பி: போன வாரம்கூட சொன்னீர்களே

சித்தப்பா: அக்கா, அவசரப்படாதே. என்ஜினை மட்டும் பிறகு மாற்றியிருக்கலாம். உடம்பு அதேதான், என்ஜின் புதிது என்று நிறைய நடக்கும். உடம்பின் ஸ்டிக்கரைப் படிக்க முடிந்தால் தெரிந்துவிடும்.

நான்: அது வெறும் வெள்ளைத் தாள் சித்தப்பா

பெரியப்பா: மாற்றினார். எனக்கு நினைவிருக்கிறது.

அத்தை: இப்போதுதானே நினைவு வந்தது

அப்பா: ம்.

7:31

தம்பி: அக்கா, பெட்ரோலில் ஆயில் கலந்தாயா? இதற்கெல்லாம் கலந்துதான் ஊற்ற வேண்டும்

சித்தப்பா: கலக்கவே கூடாது! அது டூ ஸ்ட்ரோக்குக்கு. இதில் ஆயிலுக்குத் தனி மூடி இருக்கிறது, மூடியோடு அளவுக் குச்சியும் வரும். அப்படி இருந்தால் ஃபோர் ஸ்ட்ரோக். டேங்கில் வெறும் பெட்ரோல் மட்டும். ஆயில் எஸ்.ஏ.இ. 30, அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூட பிடிக்கும். குச்சியைத் துடைத்து, போட்டு எடுத்துப் பார், மேல் கோட்டைத் தாண்டக் கூடாது. அதிகம் ஊற்றினாலும் புகைதான்.

நான்: ஆயில் பற்றித்தான் சொல்ல வந்தேன். அடியில் பிளேடு எப்படி இருக்கிறது என்று சாய்த்தேன். இப்போது ஏர் ஃபில்டரிலிருந்து ஆயில் சொட்டுகிறது

சித்தப்பா: எந்தப் பக்கம் சாய்த்தாய்?

நான்: ஃபில்டர் கீழே இருக்கிற மாதிரி

சித்தப்பா: சரியாய்ப் போயிற்று. எப்போதும் ஃபில்டரும் கார்புரேட்டரும் வானத்தைப் பார்க்க வேண்டும். இப்போது நிமிர்த்து. ஆயில் குடித்த காகித ஃபில்டரைக் கழுவ முடியாது, புதிது போட வேண்டும். அதைவிட முக்கியம், ப்ளக் தொப்பியைக் கழற்றினாயா? கழற்றாமல் பிளேடுக்குக் கிட்டே கை கொண்டு போகாதே. பிளேடைக் கையால் சுற்றினாலே என்ஜின் சுற்றும், ஒரு தீப்பொறி போதும்.

அம்மா: செருப்போடு நிற்கிறாயா? ஷூ போடு

நான்: போட்டிருக்கிறேன் அம்மா. தொப்பியும் கழற்றிவிட்டேன். பிளேடைப் பாருங்கள்

நான்: [படம்]

பெரியம்மா: இதென்ன, ஒரு முனையில் கட்டை விரல் அளவுக்குப் பள்ளம்

தம்பி: அது பழைய காயம்

பெரியம்மா: எவ்வளவு பழைய?

தம்பி: புல்லுக்குள் குழாய்த் தலை இருந்தது. தெரியவில்லை. தாத்தாவிடம் சொல்லிவிட்டேன்

அத்தை: சொல்லவில்லை. அப்பா அதை நான்தான் செய்தேன் என்று கடைசி வரை நினைத்தார்

தம்பி: மன்னித்துவிடுங்கள் அத்தை

சித்தப்பா: அடித்தபோது என்ஜின் சட்டென்று நின்றதா? நின்றிருந்தால் ஃபிளைவீல் கீ அறுந்திருக்கலாம். அது என்ஜினின் சுழல் சக்கரத்தை இடத்தில் பிடித்திருக்கும், மெத்தென்ற உலோகத்தில் ஒரு குட்டித் துண்டு. அது நகர்ந்தால் தீப்பொறி நேரம் தப்பும், கயிறு கையைப் பிடுங்கும். அப்படிப் பிடுங்குகிறதா?

நான்: இல்லை. மெத்தென்றுதான் வருகிறது

தம்பி: அப்புறமும் தாத்தா அதில் வெட்டினார். நான் பார்த்தேன்

சித்தப்பா: அப்போது கீ நன்றாகத்தான் இருக்கும். பெட்ரோல்தான் எதிரி. கடைசியாக எப்போது ஊற்றியது?

நான்: தாத்தா போன பிறகு யாரும் தொடவில்லை. இரண்டு வருடம். டேங்கைத் திறந்தால் வார்னிஷ் வாசனை

சித்தப்பா: பெட்ரோல் ஒரு மாதத்திலேயே கெட ஆரம்பிக்கும், எத்தனால் கலந்ததாக இருந்தால் ஈரமும் இழுக்கும். முழுவதையும் டப்பாவில் வடித்துவிடு. கார்புரேட்டருக்கு அடியில் ஒரு கிண்ணம், அதைப் பிடித்திருக்கும் ஒற்றை போல்ட். கீழே ஏதாவது வைத்துக்கொண்டு கழற்று. சில கார்புரேட்டரில் அந்த போல்ட்தான் பெட்ரோல் போகும் வழி, பக்கவாட்டில் ஊசித் துளை இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்.

பெரியப்பா: இத்தனை நேரத்தில் கூலி ஆள் வெட்டி முடித்திருப்பார்.

அத்தை: யார் கேட்டது

8:20

நான்: துளை அடைத்திருந்தது! வெளிச்சமே தெரியவில்லை. மின்கம்பியின் ஒரு மெல்லிய செம்பு இழையை விட்டு எடுத்தேன், பச்சையாகப் பிசின் வந்தது

சித்தப்பா: அதுதான். ப்ளக்கையும் பிரஷ் போட்டுத் துடை, இடைவெளி 0.76 மி.மீ. இருக்க வேண்டும். புதுப் பெட்ரோல் கால் டேங்க் போதும். முன்னால் ரப்பர் குமிழ் இருந்தால் மூன்று தடவை அமுக்கு. கைப்பிடி லீவரைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இழு.

நான்: லீவரைத் தாத்தா கயிறு போட்டுக் கைப்பிடியோடு கட்டி வைத்திருக்கிறார். பிடிக்கவே வேண்டாம்

சித்தப்பா: இப்போதே அவிழ்! லீவரை விட்டால் மூன்று விநாடிக்குள் பிளேடு நிற்க வேண்டும், அமெரிக்காவில் 1982 முதல் அது சட்டம். அப்பாவுக்கு எத்தனை தடவை சொன்னேன்.

அத்தை: கடைசியில் கைவலி அவருக்கு. அதனால்தான் கட்டினார். நீ சொன்னாய், வந்து வெட்டிக் கொடுத்தாயா?

சித்தப்பா: அக்கா

பெரியம்மா: ஏணி விஷயம் யாரும் பேசவில்லை

8:41

நான்: ஓடுகிறது!!! ஐந்தாவது இழுப்பில். ஃபில்டரைத் துடைத்துப் போட்டேன். வெள்ளைப் புகை வந்து இப்போது குறைந்துவிட்டது

சித்தப்பா: ஆயில் எரிகிறது, அடங்கிவிடும். புது ஃபில்டர் வாங்க மறக்காதே. உயரத்தை மேல் படியில் வை. ஒரே வெட்டில் தரையோடு எடுக்காதே, முதலில் மூன்றில் ஒரு பங்கு. பிளேடு சமநிலை இல்லாமல் கைப்பிடி அதிர்ந்தால் நிறுத்து. ஒரு ஆணியில் மாட்டிப் பார்த்தால் கனமான முனை தாழும், அந்தப் பக்கம் அரம் போட்டுத் தேய்க்கலாம்.

நான்: அதிர்கிறது. பல்லெல்லாம் ஆடுகிறது

சித்தப்பா: அப்படியானால் நிறுத்து என்கிறேன்

நான்: ஒரு பக்கம் மட்டும்

பெரியப்பா: முன்பக்கம் முடித்தால் போதும். வருபவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள்.

அத்தை: நாளை 10 மணிக்கு நானும் வருகிறேன். வீடு பார்க்க இல்லை

பெரியப்பா: பிறகு எதற்கு?

தம்பி: மோவரின் ஸ்டிக்கரைப் படிக்க

9:26

நான்: பெட்ரோல் தீர்ந்துவிட்டது. பாதி வெட்டியாயிற்று. கொய்யா மரத்துப் பக்கம் அப்படியே நிற்கிறது. இன்னும் ஊற்றவா?

சித்தப்பா: பாதியில் தீர்ந்தது ஒரு விதத்தில் நல்லது. எடுத்து வைக்கும்போது டேங்க் காலியாக இருந்தால் பிசின் பிடிக்காது

நான்: வைப்பதா வெட்டுவதா, ஒன்று சொல்லுங்கள்

அப்பா: மீதி நிற்கட்டும்.

பெரியப்பா: நிற்கட்டும் என்றால்?