பிரெட்டன் வுட்ஸ் ஹோட்டலில் இரண்டு இரவு: அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

கேள்வி | மழைக்காகிதம்

செப்டம்பர் கடைசியில் அப்பா அம்மா ஊரிலிருந்து பாஸ்டனுக்கு வருகிறார்கள். அவர்களுக்குக் கல்யாணமாகி இது நாற்பதாவது வருஷம். நியூ ஹாம்ப்ஷயர் மலைப்பக்கம் பிரெட்டன் வுட்ஸில் இருக்கிற மவுண்ட் வாஷிங்டன் ஹோட்டலில் இரண்டு இரவு தங்க வைக்கலாம் என்று எனக்கு ஆசை. வெள்ளைச் சுவரும் சிவப்புக் கூரையுமாக அதன் படத்தைப் பார்த்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது.

மனைவி கேட்பதும் நியாயம்தான். பகலெல்லாம் சுற்றப் போகிறோம், ராத்திரி தூங்குவதற்கு மட்டும் அவ்வளவு பணமா? பக்கத்து ஊரில் சாதாரண மோட்டல் எடுத்துக்கொண்டு, ஹோட்டலை வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தால் போதாதா? அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பாவுக்குக் குளிர் ஆகாது. போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில் | திண்ணைக்காரி

சுற்றுவதுதான் திட்டம் என்றால் மோட்டலே போதும், உங்கள் மனைவி சொல்வது சரி. அங்கே தங்குவதாக இருந்தால் சுற்றுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த ஹோட்டலில் நாம் கொடுக்கிற காசு அறைக்கு இல்லை, தாழ்வாரத்துக்கு.

நான்கு வருஷம் முன்னால் அப்பாவை அழைத்துப் போனேன். அவர் மேல்நிலைப் பள்ளியில் முப்பது வருஷம் பொருளியல் நடத்தியவர். பிரெட்டன் வுட்ஸ் என்பது உலக நாடுகள் பண விஷயத்தில் போட்ட ஏதோ ஒப்பந்தத்தின் பெயர் என்றே சின்ன வயசில் நினைத்திருந்தேன். அது ஓர் இடம், அங்கே ஒரு ஹோட்டல் இருக்கிறது, நாமும் போய்த் தங்கலாம் என்று தெரிந்ததும் அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. அப்புறம், "கெய்ன்ஸ் இருந்த கட்டடமா?" என்றார். கெய்ன்ஸ் பிரிட்டனின் பெரிய பொருளியல் அறிஞர், அந்த ஒப்பந்தப் பேச்சுக்கு வந்தவர்.

302ஆம் எண் சாலையில் ஹோட்டல் பக்கத்திலேயே மாநில அரசு வைத்த பச்சைப் பலகை ஒன்று இருக்கிறது. வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஜாக்கெட்கூடப் போடாமல் இறங்கிவிட்டார். 44 நாடுகள் கூடியது, உலக வங்கி பிறந்தது, ஒரு அவுன்ஸ் தங்கத்துக்கு 35 டாலர் என்று வைத்தது எல்லாம் அதில் சுருக்கமாக இருக்கும். அப்பா அந்த 35க்கு அடியில் ஆள்காட்டி விரலை வைத்து இடமிருந்து வலமாக ஓர் இழுப்பு இழுத்தார். கரும்பலகையில் முக்கியமானதை எழுதியதும் அடிக்கோடு போடுவார், அதே வேகம். படம் எடுக்க எனக்குத் தோன்றவே இல்லை, பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

ஹோட்டல் 1902 ஜூலையில் திறந்தது. கட்டியவர் ஜோசப் ஸ்டிக்னி, நிலக்கரியிலும் ரயிலிலும் சம்பாதித்த பணம். இத்தாலியிலிருந்து 250 கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்துக் கட்டினார். பாவம், அடுத்த வருஷமே இறந்துபோனார். யுத்த காலத்தில் பூட்டிக் கிடந்ததை அமெரிக்க அரசு அவசர அவசரமாகப் பழுதுபார்த்து 1944 ஜூலை 1 முதல் 22 வரை மாநாடு நடத்தியது. வந்தவர்கள் சுமார் 730 பேர். ஜூலை வெயிலில் வாஷிங்டன் நகரம் வேண்டவே வேண்டாம் என்று இதய நோயாளியான கெய்ன்ஸ் முன்பே கேட்டுக்கொண்டிருந்தார். மலைக்காற்றுக்காக அன்று தேடிப்போன இடம் அது, உங்கள் அப்பாவுக்குக் கம்பளி எடுத்து வையுங்கள். அறைக்குள் குளிருக்குப் பயம் வேண்டாம். முன்பெல்லாம் வெயில் காலத்தில் மட்டும்தான் திறப்பார்கள். 1999இலிருந்து பனிக்காலத்திலும் நடக்கிறது, வெப்பமூட்டும் வசதி நன்றாகவே இருக்கிறது.

ஒப்பந்தம் கையெழுத்தான தங்க அறை கீழ்த்தளத்திலேயே இருக்கிறது. பெயர்தான் தங்கம், உள்ளே கருமையான மரச்சுவரும் ஒரு வட்ட மேஜையும். சின்ன அறை. உலகத்துப் பணத்தையெல்லாம் கட்டிப்போட்ட ஒப்பந்தத்துக்கு இவ்வளவு சின்ன இடமா என்று எனக்குத் தோன்றியது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அரை மணி நேரம் அங்கேயே இருந்தார்.

இப்போது தாழ்வாரம். கட்டடத்தைச் சுற்றி ஓடுகிற நீளத் திண்ணை அது, வரிசையாக நாற்காலிகள் போட்டிருப்பார்கள். நாங்கள் போன முதல் நாள் முழுக்க மூடுபனி, எதிரே மவுண்ட் வாஷிங்டன் மலை இருந்ததற்கு அடையாளமே இல்லை. வந்தது வீணாகப் போயிற்றே என்று எனக்கு ஒரே தவிப்பு. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆளுக்கொரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்தோம். பனி கீழேயிருந்து கலைந்தது. முதலில் புல்வெளி, பிறகு மரங்களின் அடிப்பாகம், அப்புறம் சரிவு. எல்லாவற்றுக்கும் கடைசியில் உச்சி. கிழக்கே இருக்கிற மலை, அதனால் விடிகாலையில் முன்பக்கம் இருட்டாகத்தான் தெரியும். சாயங்காலம் பாருங்கள், மேற்கு வெயில் நேராக அதன்மேல் விழும். நாலரை மணிக்கு அறைக்குள் இருந்துவிடாதீர்கள்.

முன்பதிவு செய்யும்போது பழைய பிரதான கட்டடத்தில், மலை பார்த்த பக்கம், லிஃப்டுக்கு அருகில் அறை கேளுங்கள். நீளமான நடைகள், அம்மா முழங்காலுக்கு அது முக்கியம். குளியல்தொட்டி ஏறி இறங்க வேண்டாத குளியலறை உண்டா என்றும் ஃபோனிலேயே கேட்டுவிடுங்கள். வாடகைக்கு மேல் ரிசார்ட் கட்டணமும், மாநிலத்தின் 8.5 சதவீத அறை வரியும் வரும், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இலை நிறம் மாறும் சமயம் என்பதால் சனி ஞாயிறு வேண்டாம். செவ்வாய், புதன் கிடைத்தால் நல்லது.

பதில் | பல்சக்கரம்

தாழ்வாரம் சரிதான், ஆனால் மலை ரயிலை விட்டுவிடாதீர்கள். ஹோட்டலிலிருந்து பத்துப் பதினைந்து நிமிஷக் கார் பயணம். 1869இல் தொடங்கியது, மலையேறும் பல்சக்கர ரயில்களில் உலகத்திலேயே முதலாவது. தண்டவாளத்துக்கு நடுவில் ஏணி மாதிரி ஒரு கம்பிப் பாதை, எஞ்சினுக்கு அடியில் இருக்கிற சக்கரத்தின் பல் அதன் படிகளைப் பிடித்துப் பிடித்து ஏறும். ஓரிடத்தில் சரிவு 37 சதவீதம், முன் வரிசை ஆளின் தலை நம் தலைக்கு மேலே போய்விடும்.

ஆனால் உச்சியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உயரம் 6,288 அடி. 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 231 மைல் வேகத்தில் காற்று அடித்ததாக அங்குள்ள ஆய்வகத்தில் பதிவாகியிருக்கிறது. கீழே இதமாக இருக்கும், மேலே செப்டம்பரிலேயே உறைகிற குளிர் வரலாம். அப்பாவுக்குக் காது மூடுகிற குல்லாவும் கையுறையும் கண்டிப்பாக வேண்டும். ரயிலில் போகும் தேதியை முன்கூட்டியே முடிவு செய்யும்போது இரண்டாவது நாளை வையுங்கள், முதல் நாள் பயண அலுப்பு தீரட்டும்.

பதில் | நொய்யல்

கோயம்புத்தூர்க்காரன் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். அந்த மாநாட்டுக்குப் போன இந்தியக் குழுவில் எங்கள் ஊர் ஆர். கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார். அப்போதைய ரிசர்வ் வங்கி கவர்னர் சி. டி. தேஷ்முக், தொழில்துறையைச் சேர்ந்த ஏ. டி. ஷ்ராஃப் ஆகியோரும் உடன் போனார்கள். நாடு இன்னும் வெள்ளைக்காரர் ஆட்சியில், குழுத் தலைவரும் ஆங்கிலேயர். இருந்தாலும் யுத்தத்தில் பிரிட்டன் நமக்குப் பட்டிருந்த ஸ்டெர்லிங், அதாவது பவுண்டுக் கடனை இந்தியக் குழு அங்கே கிளப்பியது. பலிக்கவில்லை. மூன்று வருஷம் கழித்து, 1947 நவம்பர் 26 அன்று, சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை வாசித்தவர் செட்டியார்தான். அப்பாவிடம் போகிற வழியிலேயே சொல்லி வையுங்கள். நம் ஆள் ஒருவர் மூன்று வாரம் நடந்த இடம் என்று தெரிந்து நடந்தால் அந்த நடையே வேறு.

மழைக்காகிதம்

எல்லோருக்கும் நன்றி. திண்ணைக்காரி அக்கா, உங்கள் பதிலை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். 35ஐ உங்கள் அப்பா தொட்ட இடத்தில் நிறுத்தச் சொல்லி, இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். செவ்வாய், புதன் பதிவு செய்தாயிற்று, லிஃப்டுக்கு இரண்டு கதவு தள்ளி. முதல் நாள் எங்கேயும் போவதில்லை. ரயில் புதன்கிழமை.

அம்மாவிடம் ஃபோனில் மாநாடு, மலை என்றெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "காலை நீட்டி உட்கார முடியுமா?" என்றார்.

திண்ணைக்காரி

முடியும் தம்பி. கைப்பிடி அகலமான நாற்காலியாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, இன்னொன்றை எதிரே இழுத்துப் போட்டுக் காலை நீட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். அப்பா அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். மடியில் போட ஒரு சால்வை மறக்காதீர்கள்.