மீன் பிடிக்கும் 7 அடி ஸ்பின்னிங் ராடுக்கு கைடு (நரம்பு நுழைந்து போகும் வளையம்) எங்கெங்கே கட்டுவது?

கேள்வி: பிளாங்க் (எதுவும் பொருத்தாத வெறும் கம்பு) வாங்கி நானே ராடு கட்டுகிறேன். நுனி கைடு தவிர 7 கைடு இருக்கிறது. சம இடைவெளியில் கட்டிவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம் நண்பரே. நுனிப் பக்கம்தான் அதிகம் வளையும், அங்கே நெருக்கமாக, கைப்பிடி பக்கம் வர வர தள்ளித் தள்ளி.

பதில்: கைடு இடைவெளிக்கு அட்டவணையில் தரும் அளவெல்லாம் ஆரம்பத்துக்கு மட்டும். மாஸ்கிங் டேப்பில் ஒட்டி, நரம்பை (தூண்டில் இழையை) கோத்து, அதன் முனையில் எடை கட்டி ராடை வளைத்துப் பாருங்கள், எந்த இரண்டு கைடுக்கு நடுவில் நரம்பு வளைவை விட்டு விலகி நேராக வெட்டிக்கொண்டு போகிறதோ அங்கே இடைவெளி அதிகம்.

கேட்டவர்: சரி, கைப்பிடி பக்கத்து முதல் கைடு எங்கே?

பதில்: ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலில் இருந்து 20 அங்குலம் வாக்கில் ஒட்டி வீசிப் பாருங்கள். நரம்பு சுருள் சுருளாக வந்து கைடில் அறைந்தால் கைடைக் கொஞ்சம் நுனிப் பக்கம் தள்ளுங்கள். கைடை நூல் சுற்றிக் கட்டுவதும் அதன் மேல் எப்பாக்சி பசை பூசுவதும் அப்புறம்தான்.