இதய ஒப்பரேஷன் செய்த பிள்ளைகளின் படிப்பும் கவனமும்: உங்கள் வீட்டு அனுபவத்தையும் எழுதுங்கள்

கல்லடியிலிருந்து ஒரு அம்மா:

மகனுக்கு இப்போது 12 வயது. பிறக்கும்போதே இதயத்திலிருந்து புறப்படும் இரண்டு பெரிய குழாய்களும் இடம் மாறியிருந்தன, கைக்குழந்தையாகவே கொழும்புக்குக் கொண்டுபோய் ஒப்பரேஷன் செய்தோம். இன்று நன்றாக ஓடுகிறான், கடலில் குளிக்கிறான், எக்கோ (இதய ஸ்கான்) எடுத்தால் எல்லாம் சரி என்கிறார்கள். ஆனால் கணக்குச் செய்ய உட்கார்ந்தால் மூன்றாவது வரிக்குப் போவதற்குள் முதல் வரி மறந்துவிடும், கேத்திரகணித உருவத்தைப் பார்த்து வரையச் சொன்னால் மூலைகள் பொருந்தாது, நாளைய பாடக் கொப்பிகளை எடுத்து வைப்பதற்குக்கூட நான் பக்கத்தில் நிற்க வேண்டும். கதை சொன்னால் மட்டும் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்வான். ரியூசனில் "இவனுக்குப் பஞ்சி" என்றார்கள். எனக்கு அது பொறுக்கவே இல்லை.

கிளினிக்கில் டொக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரு தாளில் இதயத்தை வரைந்து காட்டினார். வயிற்றில் இருக்கும்போது தாயிடமிருந்து வரும் ஒட்சிசன் கூடிய இரத்தம் இதயத்தின் இடது பக்கத்துக்குப் போய், அங்கிருந்து மூளைக்கு ஏறும். குழாய்கள் மாறியிருந்தால் அந்த நல்ல இரத்தம் நுரையீரல் பக்கம் போய்விடும், மூளைக்குக் கிடைப்பது ஒட்சிசன் குறைந்த இரத்தம்தான். அதனால் இப்படிப்பட்ட பிள்ளைகள் மாதம் நிறைந்து பிறந்தாலும், ஸ்கானில் அவர்களின் மூளை ஏறக்குறைய ஒரு மாதம் பிந்தியதுபோல் தெரிவதாகக் கண்டிருக்கிறார்களாம். ஒப்பரேஷனும் ஐ.சி.யு.வில் கிடந்த நாட்களும் அதற்கு மேல் வருபவை. "ஒப்பரேஷனுக்குக் கொடுத்ததால்தான் பிள்ளை இப்படி" என்று பேசும் சொந்தக்காரர்கள் இதை வாசிக்க வேண்டும்.

கல்முனைப் பக்கம் படிப்பிக்கும் ஒரு ஆசிரியை:

அக்கா, நீங்கள் எழுதியதை வாசிக்கும்போது என் வகுப்பில் இருந்த ஒரு பிள்ளையின் முகம்தான் வந்தது. வாசிப்பு நன்றாக இருக்கும். "கொப்பியை எடு, 42ஆம் பக்கத்தைத் திற, மூன்றாவது கணக்கைச் செய்" என்று ஒரே மூச்சில் சொன்னால் கொப்பியை எடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன், படிமுறைகளைப் பலகையின் ஓரத்தில் எழுதி விட்டேன், முன் வாங்கில் இருத்தினேன், சோதனையில் கொஞ்சம் கூட நேரம் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தது, பிள்ளை நிமிர்ந்துவிட்டாள்.

இதய நோயைப் பற்றி அவளுடைய தாய் முதலில் பாடசாலைக்குச் சொல்லவே இல்லை. பெண் பிள்ளை, நாளைக்குக் கலியாணம் பேசும்போது இதை இழுப்பார்கள் என்ற பயம். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் வகுப்பு ஆசிரியர் ஒருவருக்காவது சொல்லுங்கள், தெரியாமல் நாங்கள் எப்படி உதவுவது?

ஏறாவூரிலிருந்து ஒரு வாப்பா:

எல்லாரையும் பயப்படுத்திவிட வேண்டாம். என் மகளுக்கு இருந்தது சின்ன ஓட்டை, தானாகவே மூடிவிட்டது, படிப்பில் ஒரு குறையும் இல்லை. நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய ஒருவருக்கு ஏதோ ஒரு பிறவி இதயக் குறை இருக்கிறது என்கிறார்கள், அதில் பெரும்பாலானவை இலேசானவைதானே.

கல்லடி அம்மா:

உண்மை தம்பி, சேர்த்துச் சொன்னது நல்லது. நான் சொல்வது சிக்கலான குறையோடு பிறந்து கைக்குழந்தையிலேயே பெரிய ஒப்பரேஷன் செய்த பிள்ளைகள், நீலம் பாரித்திருந்த பிள்ளைகள். அவர்களிலும் எல்லோருக்கும் வரும் என்றில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி, தாதியர் பயிற்சியில் இருப்பவர்:

நான் ஃபாலோ (Fallot) குறையோடு, அதாவது இதயத்தில் நான்கு குறைகள் சேர்ந்து வரும் நோயோடு பிறந்தவன், நெஞ்சில் ஒப்பரேஷன் தழும்பு இருக்கிறது. ஓ.எல். வரை எப்படியோ உம்மா பக்கத்தில் இருந்து இழுத்துவிட்டா. ஏ.எல்.லில்தான் விழுந்தேன், ஏனென்றால் அங்கே எதை முதலில் படிப்பது, எதை விடுவது என்று நானே திட்டம் போட வேண்டியிருந்தது, எனக்கு வராதது அதுதான். விளக்கம் குறைவில்லை, ஒழுங்குபடுத்துவதுதான் கஷ்டம்.

பயிற்சிக்கு வந்த பிறகு தேடி வாசித்தேன். அமெரிக்காவின் பொஸ்டனில் 1988 முதல் 1992 வரை, அக்காவின் மகனுக்கு இருந்த அதே குறையோடு பிறந்த 171 குழந்தைகளைச் சேர்த்துப் பல வருடம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். 16 வயதில் பரிசோதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஏதோ ஒரு கட்டத்தில் படிப்புக்கோ நடத்தைக்கோ மேலதிக உதவி பெற்றிருந்தார்கள். ஐ.கியூ. சராசரிக்குக் கிட்டத்தான், அதனால்தான் வெளியே தெரிவதில்லை. அமெரிக்க இதய சங்கம் 2012இல் வெளியிட்ட அறிவுரையில் இப்படிப்பட்ட பிள்ளைகளை 1 முதல் 2 வயதிலும், 3 முதல் 5 வயதிலும், மறுபடி 11, 12 வயதிலும் வளர்ச்சிப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். அக்கா, உங்கள் மகன் சரியாக அந்த வயதில் நிற்கிறான். கிளினிக்கில் "படிப்பில் கஷ்டம்" என்று மட்டும் சொன்னால் யாரும் நின்று கேட்கமாட்டார்கள். இங்கே எழுதினீர்களே, மூன்றாவது வரி, மூலைகள், கொப்பி எடுத்து வைப்பது, அதை அப்படியே சொல்லி, சிறுவர் மனநல டொக்டரிடமோ உளவியலாளரிடமோ அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

கல்லடி அம்மா:

சரி தம்பி. அடுத்த கிளினிக்குக்கு அவனுடைய கணக்குக் கொப்பியையும் கேத்திரகணிதக் கொப்பியையும் கொண்டுபோகிறேன். வகுப்பு டீச்சரிடமும் ஒரு கடிதம் வாங்கிக்கொள்கிறேன்.