தாண்டிக்குடிப் பக்கத்துக் காபித் தோட்டங்களைச் சுற்றுலாவுக்குத் திறக்கலாமா?

தோட்டத்துக்காரன் (தாண்டிக்குடி)

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வண்டி நிறுத்த இடமில்லை. 2024 மே மாதம் ஈ-பாஸ் வந்தது. மறு வருடம் சீசனில் வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று நீதிமன்றம் கணக்கும் வைத்தது. ஆனாலும் மலைக்கு வருகிற ஆசை யாருக்கும் குறையவில்லை. பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பாச்சலூர் என்று பழனி மலையின் தாழ்ந்த பகுதியான எங்கள் கீழ்மலையிலும் வெளியூர் வண்டிகள் தெரிகின்றன. வருகிறவர்கள் வளைவில் நின்று பள்ளத்தாக்கைப் போட்டோ எடுக்கிறார்கள், பஜ்ஜி தின்கிறார்கள், போய்விடுகிறார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் இருக்கிற தோட்டம் அவர்கள் கண்ணுக்கு வெறும் காடு.

காடு மாதிரி இருப்பதுதான் அதன் சங்கதியே. மேலே பலாவும் சில்வர் ஓக்கும் கல்யாண முருங்கையும், அந்த மரங்களில் மிளகுக்கொடி. நடுவில் ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட், மலைவாழை. அதற்கும் கீழே காபி. தரை தெரியாமல் சருகு. எங்களுக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். தை பிறந்தால் பங்குனி வரை காய்ச்சல். தண்ணீர் பாய்ச்ச வழியில்லாத சரிவில் காபிச்செடி அந்த மூன்று மாதத்தைத் தாண்டுவது நிழலாலும் சருகாலும்தான். பங்குனி வெயிலில் சருகை விலக்கிக் கையை வைத்துப் பாருங்கள், மண் ஜில்லென்று இருக்கும். யாரும் வரைபடம் போட்டுக் கொடுத்து வந்ததல்ல இது. மூன்று நான்கு தலைமுறை நட்டுப் பார்த்து, பிடுங்கிப் பார்த்து வந்தது.

ஊட்டியில் 1848இல் ஆரம்பித்த பூங்காவும் கொடைக்கானலில் 1908இல் போட்ட பிரையண்ட் பூங்காவும் பாரம்பரியத் தோட்டம் என்றால், இது ஏன் இல்லை? கேரளத்துக் குட்டநாட்டு வயல்களை ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு உலகப் பாரம்பரிய வேளாண் முறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. வயலைப் பார்க்க ஆள் வரும்போது தோட்டத்தைப் பார்க்க வர மாட்டார்களா?

என் யோசனை இதுதான்: பழைய கலப்புத் தோட்டங்கள் சிலவற்றை மட்டும், ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு வைத்து, நடந்து பார்க்கத் திறக்க வேண்டும். டிக்கெட் காசு தோட்டத்துக்கு. பிள்ளைகள் பிளாட் போட்டு விற்காமல் இருக்க ஒரு காரணமாவது கிடைக்கும்.

சோலைக்குருவி (கொடைக்கானல்)

அண்ணே, எழுத்து நன்றாக இருக்கிறது. நடக்கப்போவது என்ன என்று நான் சொல்கிறேன்.

முதல் வருடம் நடை. இரண்டாம் வருடம் "வயசானவர்கள் நடக்க முடியவில்லை" என்று தோட்டத்துக்குள் ஜீப் பாதை. மூன்றாம் வருடம் இரண்டு ரூம், ஒரு கேம்ப் ஃபயர். அப்புறம் ரூமில் தங்குகிறவர் கேட்கிற முதல் கேள்வி: "வியூ இல்லையா?" வியூ வேண்டுமென்றால் எதை வெட்டுவீர்கள்? நீங்கள் இவ்வளவு அழகாக எழுதிய அந்தப் பலாவையும் சில்வர் ஓக்கையும்தான்.

கொடைக்கானல் இப்படித்தான் போனது. யாரும் ஊரைக் கெடுக்க வேண்டும் என்று ஆரம்பிக்கவில்லை. எல்லோரும் "கொஞ்சம் பேர் மட்டும்" என்றுதான் ஆரம்பித்தார்கள். அனுமதியில்லாமல் கட்டிய கட்டடங்களுக்குச் சீல் வைத்த கதையெல்லாம் நீங்களும் பார்த்ததுதானே?

ஓய்வுபெற்ற தோட்டக்கலை

சோலைக்குருவி சொன்ன 'வியூ' விஷயத்தில் எனக்குத் தெரிந்ததைச் சேர்க்கிறேன். சர்வீசில் இருந்தபோது பார்த்த ஒரு தோட்டம், ஊர் பெயர் வேண்டாம். கிழக்குச் சரிவில் நல்ல அரபிகா காபி. விருந்தினர் வீடு கட்டி, அதன் முன்னால் மரங்களைக் கழித்துச் சுத்தமாகத் திறந்துவிட்டார்கள். பார்க்க ஜோராக இருந்தது, சூரிய உதயம் நேராக வராந்தாவில் விழும். அடுத்த சில வருடங்களில் அந்தச் சரிவுச் செடிகள் வரிசையாக மஞ்சளாயின. தண்டைத் தடவினால் பட்டைக்கு அடியில் வளையம் வளையமாக மேடு கையில் தட்டும். பிடித்து இழுத்தால் செடி இடுப்பளவில் முறியும், உள்ளே மரத்தூள் அடைத்த சுரங்கம். வெள்ளைத் தண்டுத் துளைப்பான். வெயில் படுகிற தண்டின் பட்டை இடுக்கைத் தேடித்தான் அந்த வண்டு முட்டை வைக்கும். நிழலுள்ள தோட்டத்தில் அதன் பாச்சா அவ்வளவாகப் பலிக்காது. மருந்தைவிட நிழல்தான் அதற்கு முதல் வைத்தியம். பாதித்த செடியை வண்டு பறக்கும் காலத்துக்கு முன்பே பிடுங்கி எரிப்பது அதற்கடுத்த வைத்தியம்.

அதனால் வியூ என்பது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. ஒரு மரத்தை எடுத்தால் அதன் கீழ் நிற்கிற செடிகளைச் சேர்த்தே எடுக்கிறீர்கள்.

அப்புறம் மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955ஆம் வருடச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். சட்டம் இருக்கிறது. கிளை கழிக்கிறோம் என்ற பெயரில் மொட்டை அடிப்பதும் இருக்கிறது.

தோட்டத்துக்காரன்

சார், நீங்கள் சொன்னது என் கட்சிக்குத்தான் பலம். டிக்கெட் எதற்கு? நிழலைப் பார்க்க. நிழலைப் பார்க்கக் காசு வருகிறதென்றால் நிழலை எவன் வெட்டுவான்? இன்றைக்கு அந்த மரத்துக்கு மரக்கடை விலை மட்டும்தான். அது ஒரு பைசாவும் வருமானம் தராமல் நிற்பதால்தான் கோடாலி விழுகிறது.

இன்னொன்று, நான் ரூம் என்று எங்கேயும் எழுதவில்லை. பகலில் வந்து பகலில் திரும்புகிற நடை மட்டும்.

கோத்தகிரி அக்கா

தம்பி, நீலகிரியிலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் ஹட்டியை, அதாவது படகர் ஊரை, சுற்றி ஒரு காலத்தில் சாமை, கொரளி, அவரை, உருளைக்கிழங்கு என்று மாறி மாறிப் போட்டார்கள் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். பனி எங்கே விழும், எந்தச் சரிவில் எது தாங்கும் என்று பார்த்துப் போட்ட வெள்ளாமை. இப்போது வாசல்படி வரை தேயிலை. காட்ட வேண்டும் என்று இன்றைக்கு ஆசைப்பட்டாலும் காட்ட ஒன்றும் இல்லை. ஊட்டியில் பாரம்பரியம் என்று வெள்ளைக்காரன் பூங்காவைத்தான் காட்டுகிறோம். அதுவே அங்கிருந்த ஐரோப்பியர்களுக்குக் காய்கறி போட ஆரம்பித்த இடத்தில் வந்தது என்பது டிக்கெட் எடுக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

அதனால் நீங்கள் இப்போதே பேசுவது சரி. ஆனால் சுற்றுலாக் காசு விவசாயிக்கு வரும் என்று நம்பாதீர்கள். இங்கே தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கக் கூட்டம் அலைமோதுகிறது. டிக்கெட், ஒரு கப் டீ, வெளியே வரும்போது வீட்டுச் சாக்லேட். எல்லாம் விற்கிறது. பச்சைத் தேயிலை பறித்துப் போடுகிற சிறு விவசாயிக்கு அதனால் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடியதா? இல்லை. அவர் விலைக்காகப் போராட்டம் நடத்திக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் டூரிஸ்ட் பஸ் நிற்கும்.

வத்தலக்குண்டு ஜீப்

அக்கா சொல்றது நெசம். ஆனா டூரிஸ்ட் வந்தா எங்க வண்டிக்காவது டீசல் காசு வரும். இதையும் கணக்குல வையுங்க.

சோலைக்குருவி

அக்கா சொன்னதோடு குமுளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பைஸ் கார்டன் என்று போர்டு. உள்ளே ஏலக்காய் நாலு தூர், பட்டை ஒன்று, கிராம்பு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை. இருபது நிமிடத்தில் சுற்றிக்காட்டி நேராக மூட்டுவலி எண்ணெய் விற்கிற கவுண்டருக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். விளைச்சலை நம்பாத தோட்டம் அது. உங்கள் தோட்டமும் டிக்கெட்டை நம்ப ஆரம்பித்தால் பத்து வருடத்தில் அதேதான். காபி பறிக்க ஆள் தேட மாட்டீர்கள், சுற்றிக்காட்ட ஆள் தேடுவீர்கள்.

தோட்டத்துக்காரன்

குமுளிக்காரர்கள் ரோட்டோரம் புதிதாகப் போட்டதைக் காட்டுகிறார்கள். நான் இருக்கிறதைக் காட்டச் சொல்கிறேன். பூ மழையை எடுத்துக்கொள்ளுங்கள். மாசி பங்குனியில் ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்கக் காபி பூத்துவிடும். கிளை தெரியாமல் வெள்ளை, மல்லிகை வாசனை, தேனீ இரைச்சல். இரண்டு மூன்று நாளில் வாடி உதிர்ந்துவிடும். இதை எந்தப் பூங்காவில் பார்ப்பீர்கள்?

சோலைக்குருவி

மழை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்த பிறகு பத்து நாள், பூ இரண்டு நாள். சென்னையில் இருக்கிறவன் இதற்கு எப்படி லீவு போடுவான்? தேதி சொல்ல முடியாததை விற்க முடியாது. உடனே என்ன செய்வீர்கள் தெரியுமா? ஸ்பிரிங்க்ளர் போட்டு டிக்கெட் விற்ற தேதிக்குப் பூக்க வைப்பீர்கள். மானாவாரித் தோட்டம் என்ற பெருமை அன்றோடு சரி.

தோட்டத்துக்காரன்

குறிஞ்சி 2018இல் பூத்தது, அடுத்து 2030. பன்னிரண்டு வருடம் காத்திருந்து வருகிற ஜனங்கள் பத்து நாள் காத்திருக்க மாட்டார்களா?

சோலைக்குருவி

குறிஞ்சிக்கு வந்தவர்களில் பறிக்காமல் போனவர் எத்தனை பேர் என்றும் எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற தோட்டக்கலை

பறிப்பது என்றதும் ஞாபகம் வந்தது. கீழ்மலையின் உண்மையான பெருமை காபி அல்ல, விருப்பாட்சி வாழை. காபி 19ஆம் நூற்றாண்டில் வந்த விருந்தாளி. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர் வாங்கித் தந்தது இந்த மலைவாழை. பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, வாழைக்கு அதற்கும் முன்பே கிடைத்துவிட்டது. சரிவில் குழி தோண்டி ஒருமுறை நட்டால் கன்று விட்டுக் கன்று விட்டு வருடக்கணக்கில் நிற்கும். உழவு கிடையாது, பாசனம் கிடையாது. சீதோஷ்ணத்துக்கு இணங்கிய பயிர் என்றால் இதைச் சொல்ல வேண்டும்.

அதுதான் 1970களில் முடிக்கொத்து நோயில் மலை மலையாக அழிந்தது. இலைகள் குட்டையாகி உச்சியில் கொத்தாக நிற்கும், தார் விடாது. தோட்டத்துக்குள் அதைப் பரப்புவது அசுவினிப் பூச்சி. ஊர் விட்டு ஊர் கொண்டுபோவது மனுஷன், கன்று வழியாக. பஞ்சாமிர்த வாழை என்று சொன்னால் பழனிக்குப் போகிற பக்தர் ஒவ்வொருவரும் "ஒரு கன்று கிடைக்குமா, வீட்டில் வைக்க" என்று கேட்பார். நீங்களும் பாசத்தில் கொடுப்பீர்கள். நோய் இல்லாத தோட்டமா என்று யார் பார்த்துக் கொடுப்பது? வேறு வாழைத்தோப்பிலிருந்து நேராக உங்கள் தோட்டத்துக்குள் வருகிறவர் சட்டையில் எதை ஒட்டிக்கொண்டு வருகிறார்?

சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கன்றும் விதையும் வெளியே போகக்கூடாது, வாழைக்குள் ஆளை விடக்கூடாது, தள்ளி நின்று பார்க்கட்டும். பழத்தை வாங்கட்டும், சந்தை விலையைவிட நாலு காசு கூடக் கொடுத்து.

தோட்டத்துக்காரன்

கன்று விஷயம் எழுதி வைத்துக்கொண்டேன் சார். பழத்துக்குக் கூட விலை என்பது டிக்கெட்டைவிட நல்ல யோசனை. டிக்கெட்டையே பழமாக, காபித்தூளாக, மிளகாகக் கொடுத்துவிடலாம். அப்படியானால் தோட்டம் விளைந்தால்தான் டிக்கெட். சோலைக்குருவி பயப்படுகிற குமுளிக் கதை நடக்காது.

சோலைக்குருவி

விளையாத வருடம் வத்தலக்குண்டு மார்க்கெட்டில் வாங்கிப் பாக்கெட் போட்டால்?

வத்தலக்குண்டு ஜீப்

போடுவாங்க. போடாம இருப்பாங்களா.

பாச்சலூர் பையன்

இவ்வளவு நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். தலைமுறை, அனுபவம் என்கிறீர்கள், யாருடைய அனுபவம்? மழைக்கு முன்னால் நிழல் மரத்தில் ஏறிக் கிளை கழிக்கிறவர் என் மாமா. இடுப்பில் கயிறு, முதுகுப்பக்கம் அரிவாள். கிளை கீழே காபியில் விழாமல் இரண்டு செடிக்கு நடுவில் விழ வேண்டும். வெயில் கட்டம் கட்டமாகத் தரையில் படிகிற அளவுக்குக் கழிக்க வேண்டும், கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. முதலாளி கீழே நின்று குடை பிடித்துப் பார்ப்பார். எங்கள் பக்கம் இந்த வேலைக்கு இப்போது ஆள் குறைந்துபோச்சு. என் தலைமுறை திருப்பூர் போய்விட்டது. பளியர் பழங்குடி ஆட்கள் சிலர்தான் இன்னும் ஏறுகிறார்கள். பாரம்பரியம் என்று போர்டு வைத்தால் அதில் அவர்கள் எங்கே?

தோட்டத்துக்காரன்

தம்பி, சுற்றிக்காட்டுவதே அவர்களாக இருக்கட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை. கிளை கழிக்கிறதைப் பார்க்கவே ஆள் வரும்.

பாச்சலூர் பையன்

அண்ணே, வேடிக்கை காட்ட வேண்டியது அவர்களே என்றால் கூலி எப்படி? என் அம்மா காபி பறிக்கப் போகிறார். பழ சீசனில் எடைக்குத்தான் கூலி. உங்கள் விருந்தாளி நடுவில் வந்து, "அம்மா, இப்படித் திரும்புங்க, ஒரு போட்டோ" என்பார், "எந்தப் பழம் பறிக்கணும், பச்சையை விட்டுடணுமா?" என்பார். அம்மாவும் நின்று சொல்லுவார், முகத்தில் அடித்த மாதிரி பேசத் தெரியாது. சாயந்திரம் எடை போடும்போது சாக்கு குறையும். அந்தக் குறைச்சலை யார் ஈடுகட்டுவது? விருந்தாளியா, நீங்களா?

கோத்தகிரி அக்கா

இந்தக் கேள்வியை எங்கள் பக்கம் யாரும் கேட்கவேயில்லை.

தோட்டத்துக்காரன்

நான்தான். விருந்தாளி வருகிற நாளில் எடைக்கூலி இல்லை, முழு நாள் கூலி. அது போக வருகிற காசில் ஒரு பங்கு. எவ்வளவு என்பதை நான் இங்கே தனியாக எழுதினால் முதலாளி எழுதியதாகிவிடும். பறிக்கிறவர்களையும் மரம் ஏறுகிறவர்களையும் உட்கார வைத்துக் கேட்டு எழுதுகிறேன்.

சோலைக்குருவி

நான் இன்னும் எதிர்ப்புத்தான். மரத்துக்கு எண் போட்டு, நிழல் குறைந்த தோட்டத்தைத் திறக்கிற தோட்டங்களின் பட்டியலிலிருந்து தூக்குகிற அதிகாரம் யாருக்கு என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை. அது தோட்டத்துக்காரர்கள் சங்கத்திடம் இருந்தால் ஒரு மரமும் மிஞ்சாது. கூலியை முதல் வரியாகவும் இதை இரண்டாம் வரியாகவும் போட்டு எழுதிக்கொண்டு வாருங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

வத்தலக்குண்டு ஜீப்

மூணாவது வரியா கக்கூஸ் எங்கேன்னும் எழுதுங்கண்ணே.