2,700 கிலோ ட்ரெய்லர் இழுக்க எந்தப் பிக்கப்: டீசலா, டர்போ பெட்ரோலா?

புதுவண்டி:
வணக்கம். சாமான் ஏற்றியபின் என் கேம்பர் ட்ரெய்லர் 2,700 கிலோ வருகிறது. வருடத்துக்கு ஐந்தாறு நெடும்பயணம். மற்ற நாளெல்லாம் வேலைக்குப் போய்வரவும் அதே வண்டிதான். வீட்டில் நான்கு பேர். மைலேஜ் வேண்டும், பயமில்லாமல் இழுக்கவும் வேண்டும். பார்த்துவைத்த 3 லிட்டர் டீசல், டர்போ பெட்ரோல் இரண்டுமே 4,000 கிலோ இழுக்கும் என்கிறது விளம்பரம். எதை எடுக்கலாம்?

டீசல்பிரியன்:
யோசிக்கவே வேண்டாம், டீசல். ஒரு லிட்டரில் பெட்ரோலைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஆற்றல் கூடுதல். குறைந்த சுற்றிலேயே டார்க் (சுழற்றும் விசை) கிடைப்பதால் ஏற்றத்தில் எஞ்சின் அலறாது. டர்போ பெட்ரோல் காலியாக ஓடும்போது நல்ல மைலேஜ் தரும், சரி. பாரம் ஏறினால் சூட்டைத் தணிக்கவே கூடுதல் பெட்ரோலை உள்ளே விடும். இறக்கத்தில், வெளியேறும் புகையைத் தடுத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் டீசலின் எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் கால் பிரேக் சூடாகித் தளர்ந்துபோகாது.

மேட்டுப்பாதை:
அவர் தினமும் ஓட்டுவதையும் பாருங்கள். தினசரி ஓட்டம் குறுகிய தூரமாக இருந்தால் டீசலின் புகை வடிகட்டி முழுதாகச் சூடேறாமல் அடைத்துக்கொள்ளும். வண்டியின் விலையும் கூடுதல். வருடத்தில் 3,000 கிலோமீட்டர் இழுப்பதாக வைப்போம். நூறு கிலோமீட்டருக்கு 4 லிட்டர் மிச்சமானாலும் மொத்தம் 120 லிட்டர்தான். அதைவிடப் பெரிய மிச்சம் வேகத்தில் இருக்கிறது. கேம்பரின் முகப்பு ஒரு சுவர் மாதிரி. 110-இலிருந்து 90-க்கு இறங்கினால் காற்றின் எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறையும், எந்த எஞ்சினாக இருந்தாலும்.

டீசல்பிரியன்:
இழுக்காத நாளிலும் டீசல் குறைவாகத்தானே குடிக்கும்? அதைக் கணக்கில் விட்டுவிட்டீர்களே.

எடைமேடை:
நண்பர்களே, இருவரும் எஞ்சினிலேயே நிற்கிறீர்கள். முதலில் பார்க்க வேண்டியது ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் பேலோடு அளவு, அதாவது பிக்கப் தன் மேல் சுமக்கக்கூடிய எடை. ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். இவருக்கு 340 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் 280, ஹிட்ச் சாதனம் 45, பின்னால் சாமான் 100. மொத்தம் 765 கிலோ, எல்லாம் பிக்கப்பின் முதுகில். விளம்பர எண் எஸ்ஏஇ ஜே2807 என்ற இழுவைத்திறன் சோதனை முறைப்படி வந்ததாக இருந்தாலும், அதில் உட்கார்ந்திருப்பது தலா 68 கிலோவில் இருவர் மட்டும்.

கொக்கி எடையைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நான் ஒருமுறை கனமான பெட்டிகளை ட்ரெய்லரின் பின்கோடியில் ஏற்றிவிட்டேன். இறக்கத்தில் ஒரு லாரி முந்திய காற்றில் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கியது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தியதால் நின்றது. பின்சீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். அப்புறம் எடைபோட்டால் கொக்கியில் 6 சதவீதம்கூட இல்லை.

டீசல்பிரியன்:
எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் போட்டால் சரியாகிவிடுமே?

எடைமேடை:
முன் அச்சுக்குப் பாரம் திரும்பும், ஸ்டீயரிங் பிடிமானம் மீளும். போடத்தான் வேண்டும். ஆனால் அதனால் பேலோடு வரம்பு ஒரு கிலோகூட உயராது.

புதுவண்டி:
இப்போதுதான் போய்ப் பார்த்துவந்தேன். பேலோடு டீசலில் 655 கிலோ, பெட்ரோலில் 810.

டீசல்பிரியன்:
எஞ்சின் கனமும் கூடுதல் வசதிகளும் சேர்ந்து தின்றிருக்கும். 655 என்றால் அந்த டீசலை நானும் சொல்லமாட்டேன். மலைப்பாதை அதிகம் என்றால் ஒரு படி பெரிய டீசல் பாருங்கள்.

மேட்டுப்பாதை:
வருடத்துக்கு ஆறு பயணத்துக்காகத் தினமும் அவ்வளவு பெரிய வண்டியா? அந்தப் பெட்ரோலே போதும். 90-இல் ஓட்டுங்கள், இறக்கம் தொடங்குமுன்னே கியரைக் குறையுங்கள்.

எடைமேடை:
போதும் என்று இப்போதே சொல்லாதீர்கள், கைவசம் 45 கிலோதான் மிச்சம். தண்ணீர்த் தொட்டியைப் போகிற இடத்தில் நிரப்புங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்தால், காலியானதும் கொக்கி எடை ஏறும் என்பதையும் கவனியுங்கள். பணம் கட்டுமுன் அந்தப் பெட்ரோல் பிக்கப்பைக் கேட்டு வாங்கி, ட்ரெய்லரை மாட்டி, குடும்பத்தோடு எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள்.

புதுவண்டி:
சனிக்கிழமை வண்டி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அச்சுவாரியாக எடை எழுதி இங்கே போடுகிறேன்.