லண்டித் தீவின் மஞ்சள் பூ: முட்டைக்கோசா, கடுகா, ஐயவியா?

அனைவருக்கும் வணக்கம். அறிவியல் துணைப்பாடம் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துத் தர வேண்டும். ஒரு பெயரில் சிக்கி நிற்கிறேன். இங்கிலாந்தின் டெவன் கரைக்கு அப்பால், பெரும்பாலும் கருங்கல்லாலான லண்டித் தீவின் கிழக்குப் பாறைச் சரிவுகளில் மட்டுமே வளர்கிற, 1936இல் தனிச் சிற்றினமாக விவரிக்கப்பட்ட செடி அது. ஆங்கிலத்தில் அதற்கு லண்டி கேபேஜ் என்று பெயர். 'லண்டி முட்டைக்கோஸ்' என்று எழுதி வகுப்பில் படத்தைக் காட்டினேன். ஒரு மாணவி எழுந்து வந்து படத்தில் விரல் வைத்து, "இதில் முட்டை எங்கே, டீச்சர்?" என்றாள். அவள் கேட்டது சரிதான். நெடுக வளர்ந்த தண்டு, சுணையுள்ள இலை, சிலுவைபோல் நான்கே மஞ்சள் இதழ்கள். உருண்டை எதுவும் இல்லை. கடுகினச் செடியாதலால் 'லண்டிக் கடுகு' எனலாமா?

---

அம்மா, கடுகினத்துக்கு 'ஐயவி' என்ற சங்கச் சொல் இருக்க வேறு எதற்கு? நெடுநல்வாடையில் அரண்மனை வாயில்நிலையில் அப்பியிருப்பது அதுவே. 'தீவு' என்ற சொல் வடசொல்வழி வந்தது என்பதால், அதற்கு ஈடாகத் 'துருத்தி'யை வைத்து 'துருத்தி ஐயவி' என்பதே தூய தமிழாக அமையும்.

---

ஐயா, ஐயவி வெண்சிறுகடுகு; அதைப் பிறிதொரு செடிக்குக் கொடுத்தால் நாளை உரையாசிரியருக்கும் மாணவருக்கும் இடையே குழப்பமே மிஞ்சும். துருத்தி ஆற்றிடைக்குறை, கடல் நடுவே அது பொருந்தாது. இன்றைய பிள்ளைக்கோ அது கொல்லன் பட்டறையில் ஊதுவது. மேலும், லண்டி என்பதே பழைய நார்ஸ் மொழியில் பஃபின் பறவைத் தீவு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. தீவு அதற்குள்ளேயே இருக்கிறது. இந்தச் செடியை நம்பி அத்தீவில் மட்டும் வாழும் வெண்கல நிற வண்டுக்கும் செடியின் பெயரையே வைக்க வேண்டியிருப்பதால் சுருக்கம் தேவை. 'லண்டிக் கடுகு வண்டு' என்பது நாவில் தங்கும்; 'துருத்தி ஐயவி வண்டு' தங்காது.

---

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சொல். நாங்கள் முட்டைக்கோசைக் கோவா என்போம். போர்த்துக்கேயரின் 'கோவ்' தந்த சொல் அது, அவர்களிடம் உருண்டை கட்டாத இலைக்கோசும் கோவ்தான். 'லண்டிக் கோவா' என்றால் முட்டையைத் தேட வேண்டியதில்லை, மூலப்பெயரும் கெடாது.

---

கோவா என்றால் இங்கே பால்கோவாதான் பிள்ளைகளின் நினைவுக்கு வரும், ஐயா, அதனால்தான் தயங்குகிறேன். ஐயவியிலும் கோவாவிலும் குழப்பம் வரக்கூடும் என்பதால் 'லண்டிக் கடுகு' என்றே அனுப்புகிறேன். கோவாவை அடைப்புக்குறிக்குள் சேர்க்கிறேன்.

---

சேருங்கள், அம்மா. ஆனால் ஐயவியை விட்டதில் எனக்கு உடன்பாடில்லை.